மூட்டுவாதமும் புதிய ஊசிமருந்துகளும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



இன்று எமக்குத் தரப்பட்ட பொருள் வைத்தியம் சம்பந்தமானது. நாம் வைத்தியர் அல்லேம். பல்கலைக்கழகத்திலே உயிரியல் பயிலும் மாணவர். இறுதிப் பரீட்சையை இன்னும் காணாதவர். ஆகவே இன்ன மருந்தை எடுங்கள், இன்னதை விடுங்கள் என்று சொல்லும் தகுதி எமக்கில்லை. ஆயினும் ஒரு மருந்து உடலினுள்ளே சென்று என்ன செய்கின்றது என்பதை எடுத்துச் சொல்ல மாணவருக்கும் உரிமையுண்டு என்று செயலாளர் அவர்கள் வற்புறுத்தியபடியால் இவ்விடத்தில் நிற்கின்றோம்.

இப்பொருளை நாம் ஏற்றுக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. எமது சின்னம்மாவுக்கு இப்போது 42 வயது. நான்கு வருடங்களுக்கு முன்னர், ஒரு மாரிகாலத்தில், காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்கவில்லை என்றார். இடியப்ப உரலைப் பிழிய முடியவில்லை. போத்தல் மூடியைத் திறக்கப் பிள்ளையைக் கூப்பிட்டார். பத்து மணியளவில் கை ஒருவாறு இளகிவிடும். மழைக்குளிர் என்றோம், பின்னர் வேலைக் களைப்பு என்றோம். அம்மம்மாவோ, "வாதம் பிள்ளை, எனக்கும் இருக்குது தானே, எண்ணெய் பூசு" என்று முடித்துவிட்டார். இப்படியே பேசிப்பேசி ஒன்றரை வருடத்தைப் போக்கினோம். வைத்தியரிடம் சென்றபோது வலக்கையின் இரண்டு விரல்கள் சுண்டுவிரற் பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டன.

வாதம் என்ற சொல்லிலேயே எங்கள் பிழை தொடங்கிற்று. முழங்கால் தேய்ந்து நோகும் கிழவருக்கும் வாதம் என்கிறோம். ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையிற் கிடப்பவருக்கும் வாதம் என்கிறோம். சின்னம்மாவுக்கும் அதையே சொன்னோம். கிழவரின் முழங்காலிலே வயதினாலும் பாரத்தினாலும் மூட்டிலுள்ள கசியிழையம் தேய்கின்றது. ருமற்றொயிட் மூட்டுவாதம் எனப்படும் நோயிலோ, உடலைக் காக்கவென்று அமைந்த நிர்ப்பீடனத் தொகுதியே தன் வீட்டு மூட்டைப் பகையென்று கருதித் தாக்குகின்றது. நூறு பேரில் ஒருவருக்கோ அதனிலும் சற்றுக் குறைந்த தொகையினருக்கோ இந்நோய் வருகின்றது. ஆண்களிலும் பார்க்கப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் இரு கைகளிலும் ஒரே விதமாக, மணிக்கட்டிலும் விரல்களின் அடி மூட்டுகளிலும் தொடங்கும். காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்குமாயின் அது வெறும் குளிரன்று என்று ஐயுற வேண்டும்.

மூட்டினுள்ளே நடப்பதை இனிப் பார்ப்போம். ஒவ்வொரு மூட்டுக்கும் உட்புறத்தில் மெல்லியதொரு சவ்வு உண்டு. ஒன்றிரண்டு கலங்களின் தடிப்பே உள்ள அச்சவ்வு, மூட்டு வழுக்கி அசைவதற்கு வேண்டிய நெய்ப்பான பாயத்தைச் சுரக்கின்றது. இந்நோயிலே குருதியிலிருந்து வெண்குழியங்கள் கூட்டங் கூட்டமாக இச்சவ்வினுள் வந்து குடியேறுகின்றன. சவ்வு தடித்து வீங்கி, கசியிழையத்தின் மேலே படர்ந்து, அதையும் அதன் கீழுள்ள என்பையும் அரிக்கின்றது. அரிக்கப்பட்ட என்பு முன்போல் வளர்வதில்லை. எந்த மருந்தானாலும் அரிப்பை நிறுத்தலாமே தவிர, அரித்ததைத் திருப்பித் தராது.

இந்தக் கலங்களை அங்கே அழைப்பது யார்? கலங்கள் தமக்குள் செய்தி பரிமாறுவதற்குச் சில சிறு புரதங்களைச் சுரக்கின்றன. சைற்றோகைன் என்று அவற்றுக்குப் பெயர். தூதுப் புரதங்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நோயுற்ற மூட்டிலே இத்தூதர்கள் ஒருவர் இருவரல்லர், பலர். இன்ரலூக்கின் 1, இன்ரலூக்கின் 6, ரி. என். எவ். என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் மற்றதைத் தூண்டும். எல்லாமாகச் சேர்ந்து மூட்டை நெருப்பாக்கும்.

பழைய மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அஸ்பிரின் 1899 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. நோவைத் தணித்தது, அரிப்பைத் தடுக்கவில்லை. 1948 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் பிலிப் ஹெஞ்ச் என்பவர், அசையவே இயலாதிருந்த 29 வயதுப் பெண்ணொருவருக்குக் கோட்டிசோன் ஊசியேற்றினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது, 1950 இல் ஹெஞ்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நீண்டகாலம் கொடுத்தபோது முகம் வீங்கிற்று, என்பு மெலிந்தது, கிருமிகள் எளிதிற் பற்றின. கோட்டிசோன் வகை மருந்துகள் இன்றும் வைத்தியர் கையில் நல்ல மருந்தே. எமது அம்மம்மாவோ யாரோ சொன்ன வெள்ளைக் குளிசையை வைத்தியரைக் கேளாமலே வருடக்கணக்கில் வாங்கி விழுங்கியவர். அதன் பலனாக இடுப்பென்பு ஒருநாள் சிறு வழுக்கலிலேயே முறிந்தது. பின்னர் மெதோற்றெக்சேற் வந்தது. புற்றுநோய்க்கென ஏற்பட்ட இம்மருந்தைச் சிற்றளவில் கொடுத்தால் மூட்டுவாதம் அடங்குவது கண்டு, 1988 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதித்தனர். இன்றும் முதலிற் கொடுக்கப்படுவது பெரும்பாலும் இதுவே. கிழமைக்கு ஒரு நாள் மாத்திரம் எடுக்க வேண்டிய மருந்து இது. நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாரேனும் எடுப்பவர் இருப்பின் நாளைக் கலண்டரிற் குறித்து வையுங்கள்.

மெதோற்றெக்சேற் பலருக்குப் போதும். போதாதவர்களுக்கு என்ன செய்வது என்ற வினாவிலிருந்துதான் எமது பொருள் தொடங்குகின்றது.

இலண்டன் மாநகரில் 1980 களில் இருவர் கூட்டாக ஆராய்ந்தனர். ஒருவர் ரவீந்தர் மைனி. 1937 இல் பஞ்சாபின் லூதியானாவிற் பிறந்து, உகண்டாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் வைத்தியம் கற்றவர். மற்றவர் மார்க் பெல்ட்மன். போலந்திலிருந்து சென்ற குடும்பத்தவர், அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். சத்திரசிகிச்சையில் வெட்டியெடுத்த மூட்டுச் சவ்வை வாங்கி, அதன் கலங்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் உயிரோடு வைத்துப் பார்த்தனர். யாரும் தூண்டாமலே அக்கலங்கள் நாட்கணக்கில் தூதுப் புரதங்களைச் சுரந்துகொண்டிருந்தன.

அக்காலத்து அறிஞர் பலரின் எண்ணம் யாதெனில், இத்தனை தூதர் இருக்கையில் ஒருவரைப் பிடித்துக் கட்டுவதால் ஆவதென்ன, மற்றவர்கள் அவன் வேலையைச் செய்துவிடுவார்கள் என்பதே. நியாயமான எண்ணந்தான். எமது ஊரில் இரவில் ஒரு நாய் குரைக்கும். அடுத்த வளவு நாய் அதைக் கேட்டுக் குரைக்கும். பின்னர் ஒழுங்கை முழுவதும் குரைக்கும். எல்லாம் தாந்தாமாகக் குரைக்கின்றனவா, அன்றி ஒன்றைக் கேட்டு மற்றவை குரைக்கின்றனவா? படுக்கையிற் கிடந்துகொண்டு இதை அறிய முடியாது. ஒவ்வொரு நாயாக வாயைக் கட்டிப் பார்த்தாற்றான் தெரியும்.

பெல்ட்மன் குழுவினர் செய்தது இதுவே. பியொனுலா பிறெனன் என்னும் ஆராய்ச்சியாளர் அக்கலங்களோடு ரி. என். எவ். என்னும் புரதத்தை மாத்திரம் பிடித்துக் கட்டும் பொருளொன்றைச் சேர்த்தார். இன்ரலூக்கின் 1 இன் சுரப்பும் தணிந்தது. பின்னர் பார்த்தபோது இன்ரலூக்கின் 6 உட்பட மற்றவையும் குறைந்தன. ஒழுங்கை அடங்கிற்று. 1989 இல் வெளியான இந்த முடிவே பின்வந்த எல்லாவற்றுக்கும் அடிக்கல். 1991 இல் கிரேக்க நாட்டிலே கொல்லியாஸ் என்பவரின் குழு, ரி. என். எவ். மிகுதியாகச் சுரக்கும் சுண்டெலிகளை உருவாக்கியது. அவற்றுக்கு மூட்டுவாதம் கண்டது. அதே புரதத்தைக் கட்டியபோது நோய் தடைப்பட்டது.

இனி, கட்டும் கயிறு எது என்பதைச் சொல்ல வேண்டும். எமது உடலினுள் கிருமி புகுந்தால் வெண்குழியங்கள் பிறபொருளெதிரி என்னும் புரதத்தை ஆக்குகின்றன. சிறுவர் கெற்றப்போலுக்கு வெட்டும் கவட்டுத்தடியைப் போன்றது அதன் வடிவம். கவட்டின் இரு நுனிகளும் குறித்த ஒரு பொருளை மாத்திரமே பிடிக்கும், வேறொன்றிலும் ஒட்டா. 1975 ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜில் கோலர், மில்ஸ்ரைன் என்னும் இருவர், வேண்டிய பொருளைப் பிடிக்கும் ஒரேவிதப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு ஆக்கும் வழியைக் கண்டனர். அதற்குக் காப்புரிமை எடுக்கப்படாமலே போயிற்று. நோபல் பரிசு 1984 இற் கிடைத்தது. அந்த வழியாலே, கிருமியைப் பிடிப்பதற்குப் பதிலாக உடலின் சொந்தத் தூதரான ரி. என். எவ். ஐப் பிடிக்கும் பிறபொருளெதிரி ஒன்றை நியூயோர்க்கில் ஆக்கினர். எலியின் புரதம் கால்வாசியும் மனிதப் புரதம் முக்கால்வாசியுமாகத் திருத்தப்பட்ட அதன் பெயர் பின்னர் இன்பிளிக்சிமாப் என்றாயிற்று.

அம்மருந்தை வைத்திருந்த கம்பனியார் அதைக் குருதியிற் கிருமி பரவும் கடும் நோய்க்கே எண்ணியிருந்தனர். அந்நோயிலே இவ்வகை மருந்துகள் வெற்றி காணவில்லை. கம்பனியின் ஆராய்ச்சித் தலைவர் முன்னொரு காலத்தில் பெல்ட்மனிடம் பயின்ற மாணவர். குருவின் வேண்டுகோளை மாணவர் தட்டவில்லை. 1992 இல் இலண்டன் சாறிங் குறொஸ் வைத்தியசாலையில், வேறெந்த மருந்துக்கும் அடங்காத 20 நோயாளருக்கு அது ஏற்றப்பட்டது. நோவும் வீக்கமும் விரைவில் இறங்கின. ஆனால் மருந்து கழிந்த சில கிழமைகளிலே நோய் திரும்பிற்று. திரும்பியவர் சிலருக்கு மீண்டும் ஏற்றியபோது மீண்டும் இறங்கிற்று. நாய் உறங்கியதே தவிர இறக்கவில்லை.

நம்பிக்கையினாலே நோ குறைந்ததோ என்று கேட்பவர்களுக்காக அடுத்த சோதனை நடந்தது. 73 நோயாளர், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஊசி என்று நோயாளருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. நான்கு கிழமையின் பின்னர் பார்த்தபோது, வெறும் ஊசி பெற்ற 24 பேரில் 2 பேருக்கே நற்குணம் தெரிந்தது. சிற்றளவு பெற்ற 25 பேரில் 11 பேருக்கும், பேரளவு பெற்ற 24 பேரில் 19 பேருக்கும் தெரிந்தது. 1994 இல் இது வெளியாயிற்று. இந்த மூன்று எண்களை முதன்முதல் வாசித்த இரவில் நாம் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் இருந்தோம் என்பதை ஒளிப்பானேன்.

அதன் பின்னர் கதவு திறந்தது. 1998 இல் எற்றனேசெப்ற், 1999 இல் இன்பிளிக்சிமாப், 2002 இன் கடைசி நாளில் அடலிமுமாப் என்று ஒன்றன்பின் ஒன்றாக அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எற்றனேசெப்ற் பிறபொருளெதிரியன்று, ரி. என். எவ். வந்து அமரும் ஏற்பியைப் போன்றதொரு போலி. தூதர் உண்மையான வீட்டை விட்டுப் போலி வாசலிலே போய் அமர்ந்துவிடுகிறார். வேறு தூதரையோ கலங்களையோ குறிவைக்கும் மருந்துகளும் உள. ஒசாக்கா நகரத்துக் கிசிமொற்றோ கண்ட வழியில் வந்த ரொசிலிசுமாப் இன்ரலூக்கின் 6 இன் செய்தியைத் தடுக்கின்றது. றிற்றுக்சிமாப் பி வகைக் கலங்களையே அகற்றுகின்றது. அபற்றாசெப்ற், ரி வகைக் கலங்கள் கிளர்ச்சி கொள்ளாதபடி தடுக்கின்றது. ஒன்று பலியாவிடின் வைத்தியர் மற்றொன்றைப் பார்ப்பார்.

"ஏன் தம்பி, இதைக் குளிசையாக்கினால் என்ன?" என்று ஒரு பெரியவர் முன்வரிசையிலிருந்து கேட்கிறார். நல்ல கேள்வி. அஸ்பிரினின் மூலக்கூற்று நிறை 180. ஒரு பிறபொருளெதிரியினதோ ஏறக்குறைய 150,000. இத்தகைய பெரும் புரதத்தை விழுங்கினால் வயிறு அதைப் பருப்பைச் செமிப்பதுபோலச் செமித்துவிடும். ஆகவே தோலின் கீழோ நாளத்திலோ ஊசியால் ஏற்ற வேண்டியதாகின்றது. ஆய்வுகூடத்திலே இரசாயனங்களைக் கலந்து இதைச் செய்யவும் முடியாது. அடலிமுமாப்பை எடுத்துக்கொண்டால், சீனத்து ஹாம்ஸ்ரர் என்னும் எலியினப் பிராணியின் கலங்களுள் அதற்குரிய பரம்பரையலகைப் புகுத்தி, பெருந் தொட்டிகளில் அக்கலங்களை வளர்த்து, அவை சுரப்பதை வடித்தெடுக்கின்றனர். உயிருள்ள கலம் ஆக்குவதனாலேயே உயிரியல் மருந்து என்று பெயர். விலை ஏறுவதற்கும் இது ஒரு காரணம். காப்புரிமை மற்றொரு காரணம். காப்புரிமை முடிந்தபின் வேறு கம்பனிகள் ஆக்கும் ஒப்பான மருந்துகள் வரத்தொடங்கின. அடலிமுமாப்புக்கு அத்தகைய ஒன்று 2014 இல் இந்தியாவிலே வந்தது. 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களை நினைத்தால், இத்தகைய மருந்தை வீட்டில் வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பர் என்பது விளங்கும்.

இப்போது அச்சம் தரும் பகுதிக்கு வருகின்றோம். எமது வீட்டில் மூன்று மாதம் வாக்குவாதம் நடந்ததும் இதனாலேதான்.

ரி. என். எவ். என்பது எமது பகையன்று. காசநோய்க் கிருமி நுரையீரலிற் புகுந்தால், உடல் பெரும்பாலும் அதைக் கொல்வதில்லை. கலங்களால் ஒரு மதில் கட்டி அதனுள் அடைத்துவைக்கின்றது. அடைபட்டவர் வாழ்நாள் முழுதும் நோயின்றியே இருக்கலாம். அந்த மதிலைக் கட்டிக் காப்பதில் ரி. என். எவ். க்குப் பெரும் பங்குண்டு. அதைப் பிடித்துக் கட்டினால் மூட்டு ஆறும், மதிலும் தளரும். 2001 இல் வெளியான ஓர் அறிக்கை, இன்பிளிக்சிமாப் பெற்றபின் காசநோய் கண்ட 70 பேரைப் பற்றிச் சொன்னது. அவர்களில் 40 பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே பரவியிருந்தது. அதன் பின்னர், இம்மருந்தைத் தொடங்குமுன் காசநோய் உறங்குகின்றதா என்று சோதிப்பது விதியாயிற்று. மருந்தின் நன்மையும் தீமையும் ஒரே செயலிலிருந்து வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட முடியாது. காவல் போட்டுத்தான் கொடுக்கலாம்.

சின்னம்மாவிடம் வைத்தியர் கேட்டார்: "வீட்டில் யாருக்காவது முன்னர் கசம் இருந்ததா?" அருகில் நின்ற அம்மம்மா உடனே, "இல்லை ஐயா, எங்கள் பகுதியில் அப்படியொன்றும் இல்லை" என்றார். அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடி இருந்தவர், அம்மப்பா இளவயதில் இருமி இரத்தம் துப்பி மாதக்கணக்கில் வைத்தியசாலையில் இருந்ததையும், பெண்பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடுமென்று அதை ஊருக்கு மறைத்ததையும், 40 வருடத்தின் பின்னர் முதன்முதலாகச் சொன்னார். அவர் அழவில்லை. நாங்கள்தான் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தோம். மறு கிளினிக்கிலே உண்மையைச் சொன்னோம். தோற்சோதனையில் கை தடித்தது. எக்ஸ்றேயில் நோய் இல்லை. கிருமி அடைபட்டுக் கிடக்கின்றது என்பதே அதன் பொருள். முதலில் அதற்குரிய குளிசையைத் தொடங்கி, ஒரு மாதம் கழித்தே மூட்டு ஊசியைத் தொடங்கினர். குளிசை மேலும் பல மாதம் தொடர்ந்தது. ஒரு கலியாணத்துக்காக மறைத்தது ஓர் உயிரைக் கேட்டிருக்கக் கூடும். அம்மம்மாவை நாம் குறைசொல்லவில்லை; அன்று ஊர் அப்படி இருந்தது. இன்று அப்படி இருக்கத் தேவையில்லை என்பதைப் பெரியோர் முன்னிலையில் பணிவுடன் சொல்லிக்கொள்கின்றோம்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. சாதாரணக் காய்ச்சலையும் அலட்சியம் செய்யக்கூடாது. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளை இம்மருந்து எடுக்கும் காலத்தில் பொதுவாகப் போடுவதில்லை. எல்லோருக்கும் பலிக்கும் என்பதும் இல்லை. ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குப் போதிய பலன் கிடைப்பதில்லை. சிலருக்கு முதலிற் பலித்துப் பின்னர் மங்குகின்றது. ஏனெனில் உடல் அந்த ஊசிப் புரதத்தையே அந்நியமென்று கண்டு அதற்கு எதிராகவும் பிறபொருளெதிரி ஆக்கிவிடுகின்றது. மெதோற்றெக்சேற்றைச் சேர்த்துக் கொடுத்தால் இது குறைகின்றது. புதிய ஊசி வந்தபின் பழைய குளிசை எதற்கென்று தாமாகவே நிறுத்திவிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சின்னம்மா அடலிமுமாப் எடுக்கின்றார். 40 மில்லிகிராம், 14 நாளைக்கு ஒருமுறை, தோலின் கீழ். முதல் ஊசியைத் தாதி போட்டார். இப்போது தாமே வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டுக்கொள்கிறார். மூன்று மாதத்தின் பின் காலை விறைப்பு பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வந்தது. வீக்கம் இறங்கி மோதிரம் மீண்டும் ஏறிற்று. எத்தனை காலம் எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இம்மருந்து நோயை அடக்குகின்றது, வேரோடு களைவதில்லை. நன்றாய் அடங்கியபின் அளவைக் குறைக்கவோ இடைவெளியை நீட்டவோ வைத்தியர் முயல்வதுண்டு; நிறுத்தினால் பலருக்குத் திரும்புகின்றது.

சென்ற தைப்பொங்கலன்று அவர் இடியப்பம் பிழிந்தார். இரண்டு கையாலும் உரலை அழுத்தினார். அந்தச் சாய்ந்த இரண்டு விரல்களும் சாய்ந்தபடியே இருந்தன. அவை ஒன்றரை வருடம் நாங்கள் எண்ணெய் பூசிக்கொண்டிருந்த காலத்துக்கு உரியவை. எந்த ஊசியும் அவற்றை நிமிர்த்தாது.

வினாக்கள் இருப்பின் கேளுங்கள். எமக்குத் தெரிந்ததைச் சொல்வோம். சிகிச்சை பற்றிய வினாக்களுக்கு, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் வைத்தியர் ஐயா விடையளிக்க இசைந்துள்ளார்.